திருவக்கரைச் சாலையில் இரண்டு மிதிவண்டிகள்

மூன்று பேர் பணம் போட்டு ஒரு மிதிவண்டி வாங்குவது என்று முடிவாகி நான்கு மாதங்கள் ஆகியும், எந்த மிதிவண்டி என்பது மட்டும் முடிவாகாமலே இருந்தது. எங்கள் சோம்பல் இதற்குக் காரணம் அன்று. பந்தய மிதிவண்டிகளில் ‘ரோடு பைக்’ என்றும் ‘டிரையத்லான் பைக்’ என்றும் இரண்டு இனங்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். மெல்லிய டயர், விரலால் தூக்கிவிடலாம் போன்ற உடல், கேட்டவுடன் தண்ணீர் குடிக்கத் தோன்றும் விலை. ஆனால் ஒன்றை வாங்கினால் மற்றதன் உலகம் ஏறக்குறையச் சாத்தப்பட்டுவிடும். அந்தக் கதவைப் பற்றியதுதான் இக்கட்டுரை. மிதிவண்டி ஓட்டாதவர்களும் படிக்கலாம். சொல்லப்போனால், இதில் பெரும்பகுதி காற்றைப் பற்றியது.

முதலில் எங்களைப் பற்றி. எங்களுள் ஒருவர் நீந்துபவர். கிணற்றில் கற்று ஏரியில் வளர்ந்து, ஐம்பதை நெருங்கும் வயதில் கடலுக்குப் போனவர். ஒருவர் ஓடுபவர், பள்ளி ஆசிரியை, பிள்ளைகள் எழுவதற்குள் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்துவிட்டு வாசல் தெளிப்பவர். மூன்றாமவர் மிதிப்பவர், இருபத்திரண்டு வயது, திண்டிவனத்தில் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை ஒன்றில் வேலை. மற்ற இருவரையும் அண்ணா, அக்கா என்று அழைப்பவர். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில், நீந்துபவரின் பழைய இரும்பு ரோடு பைக்கை மயிலம் மேட்டில் முந்திச் சென்றதுதான் அவருக்கும் எங்களுக்கும் அறிமுகம். மூவரும் சேர்ந்து கோவாவில் நடக்கும் அயர்ன்மேன் 70.3 போட்டியில் அஞ்சல் அணியாகக் கலந்துகொள்வது என்பது திட்டம். ஒருவர் கடலில் 1.9 கிலோமீட்டர் நீந்தி வருவார், அடுத்தவர் 90 கிலோமீட்டர் மிதிப்பார், மூன்றாமவர் 21.1 கிலோமீட்டர் ஓடுவார். மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வரும். பெயரின் இரகசியம் அவ்வளவே.

இந்தியாவில் இப்போட்டி முதன்முதலாக 2019 அக்டோபர் 20 அன்று கோவாவின் மிராமர் கடற்கரையில் நடந்தது. கொரோனாவால் இரண்டு ஆண்டுகள் தடைபட்டு, 2022இல் மீண்டும் தொடங்கியது. இதன் மூதாதை 1978இல் ஹவாயில் பதினைந்து பேர் தொடங்கிப் பன்னிரண்டு பேர் முடித்த ஒரு பந்தயம். அங்கே 180 கிலோமீட்டர் மிதித்துவிட்டு ஒரு முழு மாரத்தானும் ஓட வேண்டும். நம்மவர் பலருக்கு அந்தச் சொல்லே 2015இல் மிலிந்த் சோமன் சூரிக்கில் அதை முடித்தபோதுதான் காதில் விழுந்தது.

நம் ஊர்களுக்கு மிதிவண்டிப் பந்தயம் புதிதில்லை. ஆனால் அதன் இலக்கணம் வேறு. பொங்கல் விளையாட்டில் ‘ஸ்லோ சைக்கிள் ரேஸ்’ உண்டு. காலைத் தரையில் ஊன்றாமல் கடைசியாக வருபவருக்கே எவர்சில்வர் டம்ளர். அதற்கும் முந்தைய காலத்தில், பஞ்சாயத்துத் திடலில் ஒருவர் இரவு பகலாக ஏழு நாள், பத்து நாள் மிதிவண்டியை விட்டு இறங்காமல் வட்டமடிப்பார். குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் அதன் மேலேயே. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். பெண்கள் முந்தானையில் முடிந்துவந்த சில்லறையைக் குத்துவார்கள். நீண்டதூர உழைப்பு என்பதை எங்களுள் மூத்தவர் முதன்முதலில் கண்டது அங்கேதான். வேகத்துக்கு அங்கே இடமில்லை. ஆகவே காற்றைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

வேகம் வந்ததும் காற்று வந்துவிடுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகிறவர் 40க்குப் போக விரும்பினால், காற்றைக் கிழிப்பதற்கு மட்டும் எட்டு மடங்கு ஆற்றல் செலவிட வேண்டும். வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் கணக்கு இது. சமதளத்தில் 35ஐத் தாண்டியபின் மிதிப்பவரின் உழைப்பில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு காற்றுக்கே போகிறது. அந்தக் காற்றில் பெரும்பகுதியைத் தடுப்பது வண்டி அன்று, வண்டியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் மனித உடல். இதை எவ்வாறு சமாளிப்பது என்பதில்தான் இரண்டு இனங்களும் பிரிகின்றன.

ரோடு பைக் சொல்லும் வழி, மற்றொருவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள் என்பது. முன்னே செல்பவர் காற்றைப் பிளக்க, ஒரு முழம் இடைவெளியில் பின்தொடர்பவருக்கு உழைப்பு கணிசமாகக் குறையும். இதற்கு ‘டிராஃப்டிங்’ என்று பெயர். சாலைப் பந்தயத்தின் அரசியல், நட்பு, துரோகம் அனைத்தும் இதிலிருந்து பிறப்பவை. முறைவைத்து முன்னே சென்று காற்றை வாங்குவோர் உண்டு. கடைசிவரை ஒளிந்திருந்து இறுதி இருநூறு மீட்டரில் பாய்ந்து வெல்வோரும் உண்டு. நூறு பேர் தோளோடு தோள் உரசிச் செல்லும் கூட்டத்தில் கை எப்போதும் பிரேக்குக்கு அருகில் இருக்க வேண்டும். வண்டி சொன்ன பேச்சு கேட்க வேண்டும். ரோடு பைக்கின் ஆட்டுக்கொம்புக் கைப்பிடி முதல் இருக்கைக் குழாயின் சாய்வு வரை (அது தரைக்கு ஏறக்குறைய 73 பாகையில் சாய்ந்திருக்கும்) எல்லாம் அந்தக் கூட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டவை.

டிரையத்லான் பைக் சொல்லும் வழி, உன்னையே மறைத்துக்கொள் என்பது. கைப்பிடியின் நடுவிலிருந்து முன்னோக்கி நீளும் இரண்டு கம்பிகள். அவற்றின் மேல் முழங்கைகளைத் தாங்கும் இரண்டு மெத்தைத் துண்டுகள். ஓட்டுபவர் முன்கைகளைச் சேர்த்து நீட்டி, தலையைத் தாழ்த்தி, நீரில் பாயும் நிலையில் படுத்துக்கொள்கிறார். இருக்கைக் குழாய் 76 முதல் 78 பாகை, சில வண்டிகளில் அதற்கும் மேல் என்று நிமிர்ந்திருக்கும். இடுப்பு முன்னே நகர்வதால், உடல் தாழ்ந்தும் தொடை வயிற்றில் முட்டாது. மிதித்து முடித்தபின் ஓட வேண்டிய கால்களுக்கும் இதனால் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் டான் எம்ஃபீல்ட் என்பவர் உருவாக்கிய ‘க்வின்டானா ரூ’ வண்டியிலிருந்து இந்த வடிவத்தின் வரலாற்றைத் தொடங்கலாம்.

அந்த நீண்ட கம்பிகள் என்ன செய்யக்கூடியவை என்பதை உலகம் பார்த்தது 1989 ஜூலை 23 அன்று. டூர் டி பிரான்ஸின் கடைசி நாள்; வெர்சாயிலிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனிநபர் நேரப்போட்டி. லோரன் ஃபின்யோன் 50 விநாடிகள் முன்னணியில் இருந்தார். மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்துவந்த முன்னணி அது. கிரெக் லெமாண்ட் டிரையத்லான்காரர்களின் கம்பியைத் தம் வண்டியில் பொருத்தி, காற்றுக்கேற்ற தலைக்கவசமும் அணிந்து வந்தார். ஃபின்யோன் கவசமின்றி, குதிரைவால் முடி காற்றில் பறக்க வந்தார். முடிவில் லெமாண்ட் 8 விநாடி வித்தியாசத்தில் டூரையே வென்றார். அந்த எட்டு விநாடியில் கம்பியின் பங்கு எவ்வளவு, குதிரைவாலின் பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதிடுகிறார்கள். நம்மூர்த் திண்ணைகளில் நடந்திருந்தால் இன்னும் சுவையாக வாதிட்டிருப்பார்கள்.

எனினும் அந்தக் கம்பியோடு கூட்டப் பந்தயத்துக்குள் நுழைய முடியாது. உலக மிதிவண்டி ஒன்றியம் கூட்டமாகத் தொடங்கும் சாலைப் பந்தயங்களில் அதை அனுமதிப்பதில்லை. 2021 ஏப்ரல் முதல், கம்பி இல்லாமலே வெறுங்கைப்பிடியின் மேல் முன்கைகளைச் சாய்த்து அந்த நிலையைப் போலிசெய்வதையும் தடைசெய்துவிட்டது. காரணம் எளிது: முழங்கையால் திசை திருப்புகிறவர், பிரேக்கிலிருந்து கை விலகியிருப்பவர், கூட்டத்தின் நடுவே எல்லோருக்கும் ஆபத்து. மறுபக்கம் அயர்ன்மேன் வகைப் போட்டிகளில் அடுத்தவர் பின்னால் ஒளிவதே குற்றம். எங்களைப் போன்ற வயதுப் பிரிவினர் முன்னால் செல்பவரிடமிருந்து 12 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மீறினால் தண்டனைக் கூடாரத்தில் நின்று நேரத்தை இழக்க வேண்டும். அங்கே ஒவ்வொருவரும் தம் பங்குக் காற்றைத் தாமே சுமக்க வேண்டும் என்பது அறம்.

இடையில் ஒரு விசித்திரம். ஒலிம்பிக்கில் டிரையத்லான் முதன்முதலாக 2000 சிட்னியில் இடம்பெற்றபோது, மற்றவர் பின்னால் ஒளிவது அங்கே அனுமதிக்கப்பட்டது. ஆகவே ஒலிம்பிக் டிரையத்லான் வீரர்கள் டிரையத்லான் பைக்கை ஓட்டுவதில்லை. ரோடு பைக்கையே ஓட்டுகிறார்கள். சிட்னியில் ஆண்கள் தங்கத்தை வென்ற கனடாவின் சைமன் விட்ஃபீல்ட், மிதிவண்டிப் பகுதியில் பின்தங்கி, ஓட்டத்தில் ஒவ்வொருவராகப் பிடித்து, இறுதி நேர்ப்பாதையில் முன்னே சென்றார். ஆக, வண்டியின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுப்பது பயனற்றது. எந்தப் போட்டி, என்ன விதி என்பதே முதல் கேள்வி.

எங்களுக்கு அந்தக் கேள்வி இரண்டு விதமாகப் பதில் சொன்னது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. கோவாப் போட்டியின் விதிப்படி டிரையத்லான் பைக்கே பொருத்தம். ஆனால் எங்கள் மிதிப்பவருக்கு மாநில அளவிலான சாலைப் பந்தயங்களில் தொடங்குகோட்டில் நிற்க வேண்டும் என்பது ஆசை. அவருக்கு வயது இருக்கிறது, கால் இருக்கிறது. கூட்டத்தில் பழகுவதற்கு இன்னும் சில ஆண்டுகள்தாம் இருக்கின்றன. டிரையத்லான் பைக்கோடு அந்தக் கோட்டுக்கு அவரை விடமாட்டார்கள். இரண்டும் வாங்குவது எங்கள் மூவர் சம்பளத்தையும் சேர்த்தாலும் நடவாது. பணத்தில் பெரும்பங்கு மற்ற இருவருடையது, உடல் அவருடையது. இந்தக் கணக்கை நேராகப் பேசுவதற்கே எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. “நீங்க ரெண்டு பேரும் எது சொன்னாலும் சரிதாண்ணா” என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிச் சொல்பவரிடம் உண்மையான விருப்பத்தை எப்படிக் கறப்பது?

நிலைமையை மேலும் சிக்கலாக்கியது ஒரு நல்வாய்ப்பு. சென்னையில் ஒரு நண்பர் தம் டிரையத்லான் பைக்கை விற்க இருந்தார். கார்பன் உடல், புதிதாக வாங்கினால் எங்கள் கனவிலும் வராத விலை. பழையது என்பதால், ஒரு புதிய அலுமினிய ரோடு பைக்கின் விலைக்குத் தருவதாகச் சொன்னார். இரண்டு வாரம் ஓட்டிப் பார்க்கவும் கொடுத்தனுப்பினார்.

நாங்கள் ஞாயிறுதோறும் செல்லும் வழி திருவக்கரைக்கு. திண்டிவனத்திலிருந்து கூட்டேரிப்பட்டு வரை நெடுஞ்சாலை. பிறகு மயிலம், முருகன் குன்றைச் சுற்றிக்கொண்டு புதுச்சேரி சாலையில் பெரும்பாக்கம், அங்கிருந்து உள்ளே பிரிந்தால் திருவக்கரை. போகவர ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. வராக நதி என்னும் சங்கராபரணியின் கரை. சம்பந்தர் பாடிய தலம். மூன்று முகம் கொண்ட இலிங்கம். பௌர்ணமி இரவில் கூட்டம் நெருக்கும் வக்கிரகாளி. ஊருக்குப் பக்கத்தில் புவியியல் ஆய்வுத் துறையின் கல்மரப் பூங்கா. 1781இல் பிரெஞ்சு இயற்கையாளர் சொனேரா எழுதியதன்வழி மேற்கே அறியப்பட்டவை அம்மரங்கள். சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து புதைத்தவை என்கிறார்கள். வேரும் கிளையும் இல்லாமல் அடிமரங்களாகவே கிடப்பதைச் சான்றாகக் காட்டுகிறார்கள். பட்டையும் வளையமும் அப்படியே இருக்க, தொட்டால் கல். வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு வாழைப்பழம் தின்பது எங்கள் வழக்கம்.

இந்தக் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் மூலவரும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பார்கள். ஊர்ப்பெயரின் வக்கிரத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். ஊருக்குப் போகும் சாலையும் அந்த மரபைக் காப்பாற்றுகிறது. நெல்லும் மல்லாட்டையும் அறுவடையாகும் காலத்தில் பாதிச் சாலை களமாகிவிடும். தார் மேல் காயும் மணிகளின் ஓரத்தில் கருங்கல் வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் தோகை தரையைத் தடவிக்கொண்டு போகும். வெள்ளைக்கோடு இல்லாத வேகத்தடைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, சுற்றுவட்டாரக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லி ஏற்றிவரும் டிப்பர் லாரிகள். சிந்திய ஜல்லி வளைவுகளில் மணல் போலக் கிடக்கும்.

பெரும்பாக்கம் பிரிவிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்பிப் பத்தாக்கி, விடியற்காலையில் நேரம் எடுத்தோம். ஒருநாள் பழைய இரும்பு ரோடு பைக். மறுநாள் டிரையத்லான் பைக். இரண்டுக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான வித்தியாசம் வந்தது. தாளில் போட்ட கணக்கும் அதையொட்டியே இருந்தது. 200 வாட் ஆற்றலைச் சீராகத் தரக்கூடிய ஒருவர், வண்டியோடு சேர்த்து 80 கிலோ எடை, காற்றில்லாத சமதளம் என்று வைத்துக்கொண்டால், சாதாரணக் கைப்பிடியில் மணிக்கு 33.5 கிலோமீட்டர் அளவில் போவார். டிரையத்லான் நிலையில் 36க்குச் சற்று மேல். 90 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 நிமிடம் மிச்சம். ஓடுபவர் இதைக் கேட்டதும் நோட்டை வாங்கித் தாமே ஒருமுறை கூட்டிப் பார்த்தார். ஓட்டத்தில் பன்னிரண்டு நிமிடம் குறைப்பதற்குத் தமக்கு மூன்று ஆண்டு ஆகும் என்றார். அந்த ஞாயிறு மாலை, வாங்கிவிடுவது என்றே எழுந்தோம்.

இரண்டாம் வாரம் வியாழக்கிழமை அது நடந்தது. காலை ஆறரை மணி. மிதிப்பவர் தனியாகப் போயிருந்தார். முன்கைகள் மெத்தையில், தலை தாழ்வு, மணிக்கு முப்பத்தெட்டு. இடப்பக்கக் குவாரிப் பாதையிலிருந்து ஒரு டிப்பர் சாலைக்குள் மூக்கை நீட்டியது. அந்தப் படுத்த நிலையில் விரல்களின் நுனியில் இருப்பது கியர் மட்டுமே. பிரேக் கீழே அகன்றிருக்கும் அடிக்கைப்பிடியில் இருக்கிறது. எழுந்து கைகளைப் பிரித்துப் பிடிக்க ஒரு விநாடி ஆகும். அந்த வேகத்தில் ஒரு விநாடி என்பது பத்து மீட்டருக்கு மேல். அவர் சாலையை விட்டு இறங்கிச் செம்மண்ணில் விழுந்தார். முழங்கையும் முழங்காலும் உரிந்தன. தலைக்கவசம் ஒரு கல்லில் இடித்து விரிசல் விட்டது. லாரி நிற்கவில்லை, பார்த்திருக்கவே மாட்டார்கள். வண்டிக்கு மெத்தை உறை கிழிந்ததோடு சரி.

“பிரேக் எங்க இருக்குன்னு கை தேடுச்சுக்கா” என்றார், ஓடுபவர் டெட்டால் போட்டுக்கொண்டிருந்தபோது. வேறொன்றும் சொல்லவில்லை. அன்று மாலை அவருடைய தாயார் எங்களிடம் பேசவில்லை. எங்களுக்குக் காபி மட்டும் கொண்டுவந்து வைத்தார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இதனால் டிரையத்லான் பைக் கெட்ட வண்டி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மூடிய சாலையில், வண்டிகள் நிறுத்தப்பட்ட பாதையில், தனியாகச் செல்லும் ஒருவருக்கு அதைவிட நேர்மையான கருவி இல்லை. ஆனால் அந்த மூடிய சாலை எங்களுக்கு ஆண்டில் ஒரு காலை மட்டுமே வாய்க்கும். மற்ற முந்நூற்றுச் சொச்சம் காலைகளுக்கு இருப்பது மயிலத்துச் சாலை. அங்கே படுத்து ஓட்டிப் பழகாமல் கோவாவில் படுக்க முடியாது. இரண்டரை மணி நேரம் கழுத்தைத் தூக்கி அந்த நிலையில் இருப்பது பழக்கத்தால் மட்டுமே வரும். பழகுவதற்கு இடமில்லாத கருவியின் பன்னிரண்டு நிமிடம் தாளில்தான் இருக்கும்.

அதன்பின் நோட்டை மறுபடி எடுத்தோம். இம்முறை வேறு வரிகளைப் போட்டோம். ரோடு பைக்கின் கைப்பிடியில் கழற்றி மாட்டக்கூடிய கம்பிகள், ‘கிளிப்-ஆன்’ என்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அயர்ன்மேன் விதிகளுக்கு அவை உட்பட்டவையே. அவற்றோடு, இருக்கையைக் கொஞ்சம் முன்னே தள்ளிப் பொருத்தினால், எங்கள் தாள் கணக்கில் மணிக்கு 35 கிலோமீட்டர் வருகிறது. பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு கைக்கு வந்துவிடும், ஐந்து போகும். ரோடு பைக்கின் சட்டகம் அந்த நிலைக்காகப் பிறந்ததன்று. தொடை வயிற்றை நெருங்கும், முன்சக்கரத்தில் பாரம் கூடும், திருப்பங்களில் வண்டி துள்ளும். இவை உண்மை. ஆனால் செங்குத்தான இருக்கைக் குழாயின் பெரிய புண்ணியம் அடுத்து வரும் ஓட்டத்துக்குக் காலைக் காப்பாற்றுவது. எங்கள் மிதிப்பவர் 90 கிலோமீட்டர் முடிந்ததும் கணுக்காலில் கட்டிய நேரச் சில்லை ஓடுபவரிடம் கொடுத்துவிட்டு நிழலில் உட்காரப் போகிறவர். அவர் காலைக் காப்பாற்றி யாருக்கு என்ன? மூன்றையும் ஒருவரே செய்யும் போட்டியாளருக்கு நாங்கள் இந்த யோசனையைச் சொல்லமாட்டோம். அவர் டிரையத்லான் பைக்கை வாங்கட்டும், நல்ல சாலையும் இருந்தால்.

மிதிவண்டிக் கடைக்காரர்கள் சொல்லாத சில சிறு செய்திகளும் எங்கள் தீர்ப்பில் சேர்ந்தன. இந்த இரண்டு இன வண்டிகளுக்கும் டியூபில் மெல்லிய பிரெஞ்சு வால்வு. நம் வழியில் உள்ள பஞ்சர் கடைகளின் பம்பு அதில் ஏறாது, பித்தளையில் ஒரு மறைக்குமிழ் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுவரை இருவரும் சமம். ஆனால் டிரையத்லான் பைக்கின் கேபிள்கள் சட்டகத்தின் வயிற்றுக்குள்ளும் கைப்பிடியின் வயிற்றுக்குள்ளும் ஓடுகின்றன. ரயிலில் அட்டைப்பெட்டிக்குள் அடைத்துச் செல்ல அதைப் பிரித்து, அங்கே போய்ச் சேர்ப்பது நிபுணர் வேலை. உதிரிபாகக் கடையில் வேலைசெய்யும் மிதிப்பவரே அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். அகலமான சக்கர விளிம்புகள் பக்கக்காற்றைப் பாய்மரம்போல வாங்கும். மதியத்துக்குமேல் கடலிலிருந்து காற்று உள்ளே வரும் எங்கள் பகுதியில் அது ஒரு சங்கடம்.

ஆனால் இந்தக் காரணங்களையெல்லாம்விட எங்களை அசைத்தது ஒரு வழக்கம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பும் வழியில் எதிர்காற்று வந்தால் மிதிப்பவர் முன்னே போய்விடுவார். அவர் சக்கரத்துக்கு ஒரு முழம் பின்னால் நீந்துபவர், அவருக்குப் பின்னால் ஓடுபவர். பேச்சு இருக்காது. பள்ளம் வந்தால் முன்னவர் கையைப் பின்னால் காட்டுவார். விரல் நீளும் பக்கம் மற்றவர் விலகுவார்கள். ஐம்பது வயதுக்காரருக்கு வராத வேகம் அப்போது வந்துவிடும். டிரையத்லான் பைக் இருந்த இரண்டு வாரத்தில் வந்த இரண்டு ஞாயிறுகளிலும் இது நடக்கவில்லை. படுத்து ஓட்டுபவருக்குப் பின்னால் ஒட்டிச் செல்ல எங்களுக்கு அச்சம். எழுந்து ஓட்டினால் அந்த வண்டி மகிழ்ச்சியாக இல்லை. அவர் தொலைவில் ஒரு புள்ளியாகப் போய், கல்மரப் பூங்கா வேலியருகே எங்களுக்காக இருபது நிமிடம் காத்திருந்தார். “போர் அடிக்குதுக்கா” என்றார். நான்கு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொந்தக் கருத்து அதுவே என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

சென்னை வண்டியை மெத்தை உறை மாற்றித் துடைத்துத் திருப்பி அனுப்பினோம். நண்பர் வருத்தப்படவில்லை, அடுத்த மாதமே வேறொருவர் வாங்கிக்கொண்டார். அலுமினியச் சட்டகம், கார்பன் முன்ஃபோர்க், ஏற்றத்துக்கு இரங்கும் சிறிய முன்பல்சக்கரம், 28 மில்லிமீட்டர் டயர் (எங்கள் சாலைக்கு 25 போதாது) என்று ஒரு ரோடு பைக்குக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். அளவு மிதிப்பவரின் உயரத்துக்கு. மற்ற இருவர் ஏறினால் ஒருவருக்குக் கால் எட்டாது, ஒருவருக்கு முட்டி இடிக்கும். அது பேசி முடித்த விஷயம். கோவா முடிந்ததும் வண்டி அவருடையது. மீதிப் பணத்தை மாதம் இரண்டாயிரமாகத் தருவதாக அவரே சொன்னார். தலைக்கவசம் புதிது வாங்கினோம், அவருடைய தாயார் கடைக்கு வந்து தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்.

கிளிப்-ஆன் கம்பிகள் வந்துவிட்டன. துணிப்பையில் சுற்றி ஓடுபவரின் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. போட்டிக்குப் பத்து வாரம் முன்பு எடுத்து மாட்டுவது. குவாரி ஓடாத நாட்களில், ஐந்து மணிக்குள், ஒருவர் பைக்கில் முன்னே விளக்கோடு போக, நேர்ச்சாலைப் பகுதியில் மட்டும் பழகுவது என்று எழுதி வைத்திருக்கிறோம். போன அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றி ஓடுபவருக்கு இன்னும் மனக்குறை உண்டு. நீந்துபவர் கடலில் இரண்டு நிமிடம் குறைப்பதாக வாக்களித்திருக்கிறார். மீதி மூன்றுக்கு யார் பொறுப்பு என்பது வரும் ஞாயிறு திருவக்கரையில் பேசப்படும்.